மருந்துக்குச் சாகாத புல்: ஒரே களை இடத்துக்கு இடம் ஏன் மாறுகிறது?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலுக்குத் தெற்கே, செம்பனை மரங்களுக்கு நடுவே போகும் ஒரு மண்பாதையில், களைக்கொல்லி மருந்து அடித்துப் பன்னிரண்டு நாள் ஆன ஒரு காலையில் குனிந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சாண் இடைவெளிகூட இல்லாமல் இரண்டு சம்பாவ் புல் தூர்கள் நின்றன. ஒன்று மஞ்சளாகி, நுனிகள் பழுப்பேறி, இழுத்தால் கையோடு வந்துவிடும் நிலையில் இருந்தது. மற்றது நல்ல பச்சை. அதன் அடித்தண்டு தட்டையாக, வெள்ளி பூசியதுபோல் வெளுத்திருந்தது; நடுவிலிருந்து கோழிக்கால் விரித்த மாதிரி ஒரு கதிர் புதிதாக நீட்டிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த மற்ற செடிகள் எல்லாம் காய்ந்து கிடந்ததால், மருந்து அந்த இடத்தில் விழவில்லை என்று சொல்ல வழியில்லை. உடன் வந்தவர் அந்தப் பகுதித் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டு வேலை பார்த்துத் தண்டலாக, அதாவது ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளராக, ஓய்வு பெற்றவர். "போன தடவையும் இந்த இடத்துப் புல்லு சாகல தம்பி. மருந்துல பலமில்லன்னு ஒரு மூடி கூட ஊத்தி அடிச்சோம், அதுக்கும் மசியல" என்றார்.

மருந்தில் பலமில்லை என்பதுதான் தோட்டத்திலும் வயலிலும் காய்கறித் தோப்பிலும் முதலில் சொல்லப்படும் காரணம். கலப்படம், பழைய சரக்கு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அது நீளும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்ற இன்னொரு தூர் அதே மருந்தில் செத்துக்கொண்டிருக்கிறதே, அதை என்ன சொல்வது? அங்கே மாறியிருந்தது மருந்து அல்ல, புல். அதுவும் அந்தப் புல் இனம் முழுவதும் மாறிவிடவில்லை. அந்தப் பாதையில் தலைமுறை தலைமுறையாக விதை உதிர்த்து முளைத்துவரும் கூட்டம் மாறியிருக்கிறது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் களைக்கொல்லியைப் பற்றிப் பேசுவது வீண் என்பது என் உறுதியான எண்ணம். "சம்பாவ் புல்லுக்கு இந்த மருந்து கேட்கும்" என்று ஒருவர் சொன்னால், எந்த ஊர்ச் சம்பாவுக்கு, எத்தனை ஆண்டு எந்த மருந்து குடித்த மண்ணின் சம்பாவுக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

மலாய்க்காரர்கள் ரும்புட் சம்பாவ் என்று அழைக்கும் இந்தப் புல்லின் அறிவியல் பெயர் எலூசின் இண்டிகா. இது நமக்கு அந்நியமான செடி அல்ல, கேழ்வரகின் நெருங்கிய உறவு. கேழ்வரகு தன் மரபணுத் தொகுதியில் ஒரு பாதியை இந்தப் புல்லின் வழியிலிருந்தே பெற்றிருக்கிறது. கதிரின் விரல் அமைப்பைப் பார்த்தாலே அந்த உறவு தெரிந்துவிடும். ஆட்கள் நடந்து நடந்து இறுகிப்போன பாதை, செம்பனை மரத்தைச் சுற்றிக் குலையும் உதிர்ந்த பழமும் பொறுக்குவதற்காகத் துப்புரவாக வைத்திருக்கும் வட்டம், காய்கறிப் பாத்தியின் ஓரம், வீட்டு முற்றத்துச் சிமெண்டு விரிசல் என்று வேறு செடி வேர் பிடிக்கத் தயங்கும் இடங்களிலெல்லாம் இது நிற்கும். வேர் அவ்வளவு ஆழமாகப் பிடித்திருக்கும். கையால் பிடுங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு மருந்துக்கு ஒரு செடி சாகாமல் இருப்பதில் இரண்டு வகை உண்டு. 2,4-டி என்ற மருந்து அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும், புல் வகைகளைப் பெரும்பாலும் கொல்லாது. புல் இனத்துக்கு அது பிறவியிலேயே உள்ள தாக்குப்பிடிப்பு. நேற்றும் அப்படித்தான், நூறு ஆண்டுக்கு முன்பும் அப்படித்தான். எதிர்ப்புத் திறன் என்பது வேறு. ஒரு காலத்தில் குறிப்பிட்ட அளவு மருந்தில் தவறாமல் செத்த இனத்தில், அதே அளவைத் தாங்கி உயிர்பிழைத்து, அந்தத் திறனைத் தன் விதைக்கும் கொடுக்கக்கூடிய செடிகள் தோன்றிப் பெருகுவதே எதிர்ப்புத் திறன். முன்னது இனத்தின் குணம், பின்னது ஒரு நிலத்தின் வரலாறு.

மருந்துதான் செடியை மாற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகி, உடம்பு ஏற்றுக்கொண்டுவிட்டது என்ற எண்ணம் அது. நடப்பது அதுவன்று. மருந்து தெளிப்பதற்கு முன்பே, பல லட்சம் செடிகளில் ஏதோ ஒன்றில், தற்செயலாக ஏற்பட்ட மரபணுப் பிழை ஒன்று இருந்திருக்கும். மருந்து இல்லாத உலகத்தில் அதனால் பயன் எதுவும் இல்லை. பத்து லட்சம் செடிகளில் அப்படி ஒன்று இருந்ததாக வைத்துக்கொண்டால், மருந்து அடித்த மறுவாரம் மற்றவை எல்லாம் போய் அந்த ஒன்று மட்டும் வெட்டவெளியில், போட்டியே இல்லாமல், வெயிலும் உரமும் தனக்கென்று நிற்கும். வளமாக வளர்ந்த ஒரு சம்பாவ் தூர் 50,000 விதை வரை உதிர்க்கக்கூடியது. அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால், கிடைத்த திறன் வெளியே கலந்து நீர்த்துப்போகாமல் பிள்ளைகளிடத்தில் அப்படியே படிந்துவிடுகிறது. குளிர்காலம் என்ற இடைவெளி நமக்குக் கிடையாது. ஆண்டு முழுவதும் முளைப்பதும் கதிர் விடுவதும் நடந்துகொண்டே இருக்கும். அடுத்த சுற்று, அதற்கடுத்த சுற்று என்று அதே மருந்தே வரும்போது, அரிதான ஒன்று பெரும்பான்மையாக மாறுவதற்கு நீண்ட காலம் பிடிப்பதில்லை. ஆனால் கடைசிக் கட்டம் வரும்வரை கண்ணுக்கு எதுவும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. நூற்றில் ஒன்று பிழைத்தால் யாரும் கவனிப்பதில்லை. நூற்றில் முப்பது பிழைக்கும்போதுதான் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறோம். அப்போது விதை மண்ணுக்குள் போய்விட்டது.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியும் அல்ல. 2,4-டி சந்தைக்கு வந்து பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆனபோதே, 1957இல், ஹவாயின் கரும்பு வயலில் ஒரு களையிலும் கனடாவில் காட்டுக் காரட்டிலும் அந்த மருந்துக்கான எதிர்ப்பு பதிவாயிற்று. அதன்பின் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நாற்றங்கால் ஒன்றில் டிரையசின் வகை மருந்துக்குச் சாகாத களை கண்டறியப்பட்டு 1970இல் வெளியான செய்திதான் அறிஞர்களை விழிக்கவைத்தது. இன்று உலகெங்கும் 270க்கும் மேற்பட்ட களை இனங்களில் ஏதாவதொரு மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பதிவாகியிருக்கிறது.

மலேசியாவுக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. கிளைபோசேட் 1974இல் விற்பனைக்கு வந்தபோது அது முதன்முதலில் பயன்பட்ட இடங்களில் நம் ரப்பர்த் தோட்டங்களும் அடங்கும். லாலாங் புல்லைக் கட்டுப்படுத்த அதற்கு முன் மனித உழைப்பும் கடுமையான மருந்துகளுமே இருந்தன. இலையில் விழுந்து வேர்த்தண்டு வரை இறங்கிக் கொல்லும் ஒரு மருந்து வந்தது பெரும் மாற்றம். இருபது ஆண்டுக்கு மேல், கிளைபோசேட்டுக்கு எதிர்ப்பு உருவாகவே வாய்ப்பில்லை என்று நம்பியவர்கள் இருந்தார்கள். அதன் இலக்கான நொதி செடியின் உயிர்வாழ்வுக்கு அவ்வளவு இன்றியமையாதது. அதில் கைவைத்தால் செடியே பிழைக்காது என்பது அவர்கள் வாதம். 1996இல் ஆஸ்திரேலியாவில் ரைகிராஸ் என்னும் புல் அந்த நம்பிக்கையை உடைத்தது. அடுத்த ஆண்டே, 1997இல், பேராக் மாநிலத்தின் தெலுக் இந்தானில் ஒரு பழத்தோட்டத்துச் சம்பாவ் கிளைபோசேட்டுக்குச் சாகாமல் நின்றது. உலகில் இரண்டாவது இனம் அது. பினாங்கிலிருந்து காரில் கிளம்பினால் சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊர்.

அந்தப் புல்லுக்குள் என்ன நடந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இடத்துக்கு இடம் பதில் மாறுவதன் காரணம் அதில்தான் இருக்கிறது. செடிகள் சில முக்கியமான அமினோ அமிலங்களைத் தாமே செய்துகொள்கின்றன. அந்த வேலைத்தொடரில் ஒரு கட்டத்தை நடத்தும் நொதியைச் சுருக்கமாக இபிஎஸ்பிஎஸ் என்பார்கள். கிளைபோசேட் மூலக்கூறு அந்த நொதியின் பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. பூட்டுக்குள் மாற்றுச் சாவியை நுழைத்து ஒடித்துவிட்டதுபோல. வேலை நின்றுபோகிறது, புதுத் தளிர் மஞ்சளாகிறது, ஒன்றிரண்டு வாரத்தில் செடி சாகிறது. மெதுவாகச் சாவது இதனால்தான். மலேசியச் சம்பாவில் அந்த நொதியின் 106ஆம் இடத்தில் புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் செரின் இருந்ததை ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள். ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதால் பள்ளத்தின் வடிவம் சற்றுத் திரும்பி, கிளைபோசேட் முன்போல் பொருந்தவில்லை. நொதியோ தன் வேலையைத் தொடர்ந்தது. களை ஒன்றில் கிளைபோசேட்டின் இலக்கிலேயே ஏற்பட்ட மாற்றத்தை முதன்முதலில் காட்டியது நம் மண்ணின் புல்.

ஆனால் கதை அந்த ஓர் இடத்தோடு நிற்கவில்லை. தீபகற்பத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து எடுத்த, சாகாத சம்பாவ் செடிகளை ஒப்பிட்டபோது, சில கூட்டங்களில் 106ஆம் இடத்தில் செரினும் சிலவற்றில் அதே இடத்தில் திரியோனினும் இருந்தன. அந்த இடத்தில் மாற்றமே இல்லாமல் மருந்தைத் தாங்கிய கூட்டமும் இருந்தது. அதாவது ஒரு தோட்டத்தில் தோன்றிய செடி நாடெங்கும் பரவியதென்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. தனித்தனி இடங்களில், தனித்தனியாக, ஒரே நெருக்கடிக்கு வெவ்வேறு விடைகளைப் புல் கண்டுபிடித்திருக்கிறது.

அடுத்த அத்தியாயம் இன்னும் கவலை தருவது. 2015இல் வெளியான ஆய்வு ஒன்று, மலேசியச் சம்பாவில் இரண்டு மாற்றங்கள் ஒன்றாக அமைந்த செடிகளை விவரித்தது: 106இல் புரோலினுக்குப் பதில் செரின், 102இல் திரியோனினுக்குப் பதில் ஐசோலூசின். ஒற்றை மாற்றம் மட்டும் உள்ள செடி, மருந்து கேட்கும் செடியைவிடச் சில மடங்கு தாங்கும். அளவைக் கூட்டினால் ஒருவேளை செத்துவிடும். இரட்டை மாற்றம் உள்ள செடியோ, மருந்து கேட்கும் செடியைவிட 180 மடங்குக்கும் மேல் தாங்கியது. தண்டல் ஐயா சொன்ன அந்த ஒரு மூடி எம்மாத்திரம்? முதலில் ஒற்றை மாற்றம் கூட்டத்தில் நிலைபெற்று, அதே மருந்து மேலும் மேலும் வந்ததால் அதன் மேல் இரண்டாவது மாற்றம் ஏறியிருக்கிறது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. இதே இரட்டை மாற்றத்தைத்தான், கிளைபோசேட் தாங்கும் மக்காச்சோளத்தை உருவாக்க, ஆய்வுக்கூடத்தில் முன்பே திட்டமிட்டுப் புகுத்தியிருந்தார்கள். பாதையோரப் புல் அதைத் தானாகவே வந்தடைந்திருக்கிறது.

இரட்டை மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு என்பதும் பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. பள்ளம் அளவுக்கு மீறித் திரும்பிவிட்டதால் நொதியின் இயல்பான வேலையும் தளர்கிறது. தாய்வழி, தந்தைவழி என்ற இரண்டு மரபணு நகலிலும் அந்த மாற்றத்தைச் சுமக்கும் செடிகள் மருந்து இல்லாத இடத்தில் மெலிந்து வளர்ந்து, குறைவாக விதை தந்தன. ஒற்றை மாற்றம் உள்ள செடிகளிடம் அப்படி இழப்பு தெரியவில்லை. இதிலிருந்து நடைமுறைக்கு ஒன்று கிடைக்கிறது. சில ஆண்டு கிளைபோசேட்டை நிறுத்திவைத்தால், இரட்டை மாற்றக் கூட்டம் போட்டியில் பின்தங்கிக் குறைய வாய்ப்பு உண்டு. ஒற்றை மாற்றக் கூட்டம் அப்படியே காத்திருக்கும். ஆகவே "கொஞ்ச காலம் விட்டுப் பிடித்தால் பழைய மருந்து மறுபடி வேலை செய்யும்" என்ற பேச்சு ஒரு தோட்டத்துக்கு உண்மையாகவும் பக்கத்துத் தோட்டத்துக்குப் பொய்யாகவும் இருக்கக்கூடும்.

கிளைபோசேட் கேட்கவில்லை என்றால் வேறு மருந்துக்கு மாறுவதுதான் வழக்கம். அந்த வழக்கமே அடுத்த சிக்கலுக்கு விதை போட்டது. பாராகுவாட் 1960களின் தொடக்கத்தில் வந்த மருந்து. இலை தொட்ட இடத்தில் சில மணி நேரத்தில் கருக்கிவிடும். அது செடியின் ஒளிச்சேர்க்கையில் புகுந்து, உயிரணுவைச் சிதைக்கும் தீவிரமான ஆக்சிஜன் வகைகளை உண்டாக்குகிறது. அதை எதிர்க்கும் செடிகள் பலவற்றில், மருந்தைப் பசுங்கணிகத்துக்குள் போகவிடாமல் உயிரணுவுக்குள் இருக்கும் சேமிப்புப் பையில் அடைத்துவைக்கும் முறை காணப்படுகிறது. பாம்பைப் பிடித்துக் குடத்தில் போட்டு மூடியதுபோல். மலேசியாவில் 1990ஐ ஒட்டியே காய்கறித் தோட்டக் களைகள் சிலவற்றில் பாராகுவாட் எதிர்ப்புப் பதிவாயிற்று. குளூபோசினேட்டின் முறை வேறு. நைட்ரஜனைச் செடிக்குள் சேர்க்கும் குளுட்டமின் நொதியை அது முடக்குகிறது. அதற்கும் எதிர்ப்பு உலகிலேயே முதலில் பதிவானது 2009இல் மலேசியச் சம்பாவில்தான். அந்த நொதியின் 59ஆம் இடத்தில் செரினுக்குப் பதில் கிளைசின் வந்ததே காரணங்களுள் ஒன்று என்பது 2022இல் தெரியவந்தது. இதற்கிடையே, கிளைபோசேட், பாராகுவாட், குளூபோசினேட், புல் வகைகளை மட்டும் கொல்லும் இன்னொரு பிரிவு மருந்து ஆகிய நான்கையும் ஒருசேரத் தாங்கும் சம்பாவ்க் கூட்டம் ஒன்றும் நம் நாட்டிலிருந்து 2015இல் விவரிக்கப்பட்டது. ஒரு மருந்து போனால் அடுத்தது, அதுவும் போனால் மூன்றாவது என்று வரிசையாக ஓடிய நிலத்தில், ஒவ்வொரு சுற்றிலும் பிழைத்தவை முந்தின சுற்றில் பிழைத்தவற்றின் பிள்ளைகள்.

இங்கே மனிதரைப் பற்றிச் சொல்லாமல் போக என்னால் முடியாது. நம் தோட்டத் தமிழில் களைக்கொல்லிக்கு மருந்து என்றே பெயர். மலாயில் அதை ராச்சுன், நஞ்சு என்கிறார்கள். மலாய்ச் சொல்தான் உண்மைக்கு அருகில் இருக்கிறது. இந்த நாட்டுத் தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து தீம்பாருக்குள், அதாவது தோட்டத்து மரங்களுக்குள், நிரை நிரையாகப் போய் மருந்து அடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். என் பெரியம்மாவும் அவர்களில் ஒருவர். அவருடைய கை நகங்கள் கறுத்து வெடித்திருந்ததைச் சின்ன வயதில் நான் சேற்றுப் புண் என்று நினைத்திருக்கிறேன். பாராகுவாட்டின் கேட்டைப் பற்றிப் பினாங்கைத் தளமாகக் கொண்ட பூச்சிமருந்து எதிர்ப்பு இயக்கமும் பெண் தொழிலாளர் உரிமைக்கான தெனாகானித்தா அமைப்பும் 2002இல் தோட்டப் பெண்களின் நிலையை ஆவணப்படுத்தின. அதே ஆண்டு அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்தது, 2006இல் அந்த முடிவைத் தளர்த்தியது, இறுதியாக 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடை செய்தது. களையின் எதிர்ப்புத் திறன் விஞ்ஞானிகளின் கவலை மட்டும் அல்ல என்று நான் சொல்வது இதனால்தான். மருந்து கேட்கவில்லை என்றதும் அளவு கூடுகிறது, சுற்றுகள் கூடுகின்றன; கூடிய ஒவ்வொரு லிட்டரும் யாரோ ஒருவருடைய முதுகின் வழியாகத்தான் வயலுக்குப் போகிறது.

நெல் வயலில் இதே கதை வேறு உருவம் எடுத்தது. வடக்கே கெடாவின் மூடா பாசனப் பகுதியில், பல ஆண்டு 2,4-டி அடித்த வயல்களில் கோரை வகைக் களை ஒன்று அந்த மருந்துக்குச் சாகாமல் போனது 1989இல் பதிவாயிற்று. அதைவிடப் பெரிய தலைவலி பாடி ஆங்கின். நாற்று நடுவதை விட்டு நேரடியாக விதைக்கும் முறைக்கு விவசாயிகள் 1980களில் மாறியபின், 1988இல் சிலாங்கூரின் செகிஞ்சானில் முதலில் கவனிக்கப்பட்ட களைநெல் அது. ஆங்கின் என்றால் மலாயில் காற்று; காற்றடித்தாலே மணி உதிர்ந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். பயிரும் களையும் ஒரே இனம் என்பதால், நெல்லை விட்டுக் களையை மட்டும் கொல்லும் மருந்து கிடையாது. அதற்கு மாற்றாக இமிடசோலினோன் வகை மருந்தைத் தாங்கும் எம்ஆர் 220 சிஎல் நெல்வகைகளை மார்டி என்னும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 2010இல் வெளியிட்டது. வயலில் மருந்து அடித்தால் பாடி ஆங்கின் சாகும், பயிர் நிற்கும். தொடக்கத்தில் அது அற்புதமாகவே வேலை செய்தது. செபராங் பிறை வயல்களில் பாடி ஆங்கினால் நொந்துபோன எந்த விவசாயிக்கும் அதன் அருமை புரியும். ஆனால் பயிரும் களையும் ஒரே இனம் என்பதால் மகரந்தம் கலக்கும். சிறிதளவே கலந்தாலும், அதே நெல்லையும் அதே மருந்தையும் பருவம் தவறாமல் தொடர்ந்தால் போதும்; பயிருக்குக் கொடுத்த அதே மரபணு மாற்றத்தோடு மருந்துக்குச் சாகாத பாடி ஆங்கின் சில ஆண்டுகளிலேயே வயல்களில் தென்பட்டது. சம்பாவிடம் மாற்றம் தற்செயலாகப் பிறந்தது. பாடி ஆங்கினுக்கு அதை நாமே வரப்புக்குள் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

மற்ற நாட்டுக் களைகளில் வேறு வழிகளும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு கீரை வகைக் களை, இலக்கு நொதியின் மரபணுவை 160க்கும் மேற்பட்ட நகல்கள் வரை பெருக்கிக்கொண்டது. மருந்து எத்தனை நொதியை அடைத்தாலும் மிச்சம் இருக்கும். ஆஸ்திரேலிய ரைகிராஸ் அயல் மகரந்தத்தால் கருவுறும் புல். அதில் சிறு சிறு திறன்கள் கொண்ட பல மரபணுக்கள் கலந்து கலந்து ஒரே செடியில் திரளுகின்றன. மருந்தைச் சிதைத்துவிடும் நொதிகளை அது கூடுதலாக உற்பத்தி செய்கிறது. இப்படிச் சிதைக்கும் செடி, தான் இதுவரை காணாத மருந்தையும் சிதைக்கக்கூடும். அங்கே பரிந்துரைத்த அளவுக்குக் குறைவாக அடிப்பது மிக ஆபத்தானது, ஏனென்றால் அரைகுறைத் திறன் உள்ளவை பிழைத்து ஒன்றோடொன்று சேர வழி கிடைக்கிறது. தன்மகரந்தச் சம்பாவில் அந்த ஆபத்து குறைவு; அதற்குப் பதில் ஒரே பிழை விரைவாகக் கூட்டம் முழுவதையும் பிடித்துவிடும்.

சாகாத செடி ஒவ்வொன்றும் எதிர்ப்புத் திறன் பெற்றது என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. பினாங்கில் மதியம் வரை வெயில் அடித்துவிட்டு மூன்று மணிக்கு மழை கொட்டும். கிளைபோசேட் இலைக்குள் இறங்குமுன் மழை கழுவிவிட்டால் செடி பிழைக்கத்தான் செய்யும். பம்பில் ஊற்றும் தண்ணீர் இன்னொரு காரணம். தோட்டத்து வடிகாலில் மொண்ட கலங்கல் தண்ணீரைப் பலர் அப்படியே ஊற்றுகிறார்கள். கிளைபோசேட்டும் பாராகுவாட்டும் களிமண் துகளோடு இறுகப் பிணைந்துகொள்ளும் மருந்துகள். கலங்கல் தண்ணீரில் கலந்தால் பாதி வேலை பம்புக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அடைத்த முனை, தேய்ந்த முனை, முற்றிக் கதிர் விட்டபின் அடித்தது என்று இன்னும் பல உண்டு. இவற்றில் பிழைத்தவை ஒரு வரிசையாகவோ ஒரு பக்கமாகவோ தெரியும், பல இனங்களும் சேர்ந்து பிழைத்திருக்கும். எதிர்ப்புத் திறனின் அடையாளம் வேறு: மற்ற இனங்கள் எல்லாம் செத்த இடத்தில் ஒரே ஓர் இனம் மட்டும், செத்த தூருக்குப் பக்கத்தில் உயிருள்ள தூராக, அங்கங்கே திட்டாக நிற்கும், அடுத்த சுற்றில் அந்தத் திட்டு அகலமாகியிருக்கும்.

உறுதியாகத் தெரிந்துகொள்ளும் முறை எளிதே. பிழைத்த செடிகளின் விதையையும், மருந்து படாத இடத்துச் செடிகளின் விதையையும் தனித்தனியே முளைக்கவைத்து, மூன்று நான்கு இலை விட்டதும், பரிந்துரைத்த அளவில் பாதி, முழு, இரு மடங்கு, நான்கு மடங்கு என்று அடித்து மூன்று வாரம் கழித்து எண்ண வேண்டும். ஒரு கூட்டத்தில் பாதிச் செடிகளைக் கொல்ல எவ்வளவு மருந்து தேவைப்படுகிறது என்பதை, மருந்து கேட்கும் கூட்டத்துக்குத் தேவைப்படும் அளவால் வகுத்தால் எதிர்ப்பின் மடங்கு கிடைக்கும். ஆய்வுக்கட்டுரைகளில் வரும் மடங்குக் கணக்குகள் பெரும்பாலும் இதைப் போன்ற முறையில் பெறப்பட்டவைதான். ஒப்பிடும் கூட்டத்தை மாற்றினால் மடங்கும் மாறும் என்பதால், அந்த எண்ணை நாடு முழுவதற்கும் பொருத்திப் பேசக்கூடாது.

செய்யக்கூடியவற்றில் நான் முதலில் வைப்பது, பிழைத்த தூரைக் கதிர் முற்றுமுன் மண்வெட்டியால் எடுத்துவிடுவது. திட்டு சிறிதாக இருக்கும்போது ஓர் ஆள் அரை நாளில் முடிக்கும் வேலை இது. ஆறு மாதம் விட்டால் எந்த மருந்தாலும் முடியாத வேலை. வெட்டிய செம்பனை மட்டைகளைப் பரப்பி மூடுவது, இளம் நடவில் மூடுகொடி வளர்ப்பது, வெளிச்சம் மண்ணில் விழாதபடி பார்த்துக்கொள்வது ஆகியவை சம்பாவுக்கு நேர் எதிரி, ஏனென்றால் அது வெளிச்சம் தேடும் புல். மருந்தை மாற்றுவதென்றால் பெயரை மாற்றுவது போதாது. கடையில் ஐந்து பெயரில் இருப்பது ஒரே மருந்தாக இருக்கலாம், செயல்படும் முறை வேறாக இருக்க வேண்டும். இரண்டு மருந்தைக் கலந்து அடித்தால் இரண்டுமே அந்தக் கூட்டத்துக்குக் கேட்க வேண்டும். ஒன்று ஏற்கெனவே கேட்காதது என்றால் அது கலவை அல்ல, காசுக்குக் கேடு. 1980களுக்குப் பிறகு நீண்ட காலம் புதிய செயல்முறை கொண்ட களைக்கொல்லி சந்தைக்கு வரவே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். டிராக்டர் சக்கரத்திலும் மோட்டார் சைக்கிளிலும் ஒட்டும் சேற்றோடு விதை ஊர் விட்டு ஊர் போகிறது. குத்தகைக்கு வரும் வண்டியை நுழைவாயிலில் கழுவச் சொல்வது சிறு வேலைதான், செய்பவர்கள் அரிது.

தண்டல் ஐயா அந்தப் பாதைப் புல்லிலிருந்து ஒரு பிடி கதிரையும், தம் வீட்டு முற்றத்துச் சிமெண்டு விரிசலில் முளைத்த சம்பாவிலிருந்து ஒரு பிடியையும் தனித்தனி நாளிதழ்த் தாளில் மடித்து எடுத்துவைத்தார். இரண்டு நாற்றுத் தட்டுகளில் விதைத்து, டப்பாவில் எழுதியிருந்த அளவை மாற்றாமல், தெளிந்த குழாய்த் தண்ணீரில் கலந்து, மழையில்லாத ஒரு காலையில் இரண்டுக்கும் ஒன்றுபோல் அடித்தோம். மூன்று வாரம் கழித்துப் போனபோது வீட்டுப் புல் இருந்த தட்டு வைக்கோலாகக் கிடந்தது. பாதைப் புல் இருந்த தட்டில் முதல் வாரம் சற்று வாடியவைகூடப் புதுத் தளிர் விட்டிருந்தன. ஐயா அவற்றைக் கையால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்போ அந்த மூடிக் கணக்கெல்லாம் வீணாப் போச்சு" என்றார். பிறகு கதிர் வருமுன்னே அந்தத் தட்டை வேரோடு கொட்டிக் கொளுத்தினார். மறுநாள் மண்வெட்டியோடு பாதைக்குப் போவதாகச் சொல்லி, நாலு ஆள் வேண்டும் என்று பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.